கடைக்குட்டி

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு பேச்சு வந்தது. நான் நான்கு பேரில் கடைசி என்று தெரிந்ததும் அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கொடுத்து வைத்தவர் ஐயா நீங்கள். கடைக்குட்டியாகப் பிறப்பதற்குப் பூர்வ புண்ணியம் வேண்டும்" என்றார். அவர் மூத்தவராம். சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் புண்ணியம் யார் செய்தது என்பதுதான் அன்று முதல் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் புதுப் பொருள் என்று எனக்கு வந்தது மிகக் குறைவு. பெரியண்ணன், அக்கா, சின்னண்ணன் என்று மூன்று கை மாறி வந்த ஜியோமிதிப் பெட்டியின் மூடியில் மூன்று பெயர்கள் ஆணியால் கீறியிருந்தன. என் பெயருக்கு இடமில்லாமல் அடிப்பக்கத்தில் கீறிக்கொண்டேன். சட்டையும் அட்லஸும் அப்படி வந்தவைதாம். இதைச் சொல்லி அநுதாபம் தேடுவது கடைக்குட்டிகளின் வழக்கம். ஆனால் நாங்கள் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. அப்பாவின் கோபமும் எனக்குப் பழசாகித்தான் வந்து சேர்ந்தது. மூன்று பேர் போட்டுக் கிழித்த கோபம். என்னிடம் வரும்போது நைந்து, சாயம் போய், உடம்பில் உறைக்காததாக இருந்தது.

பெரியண்ணன் எனக்கு 14 வயது மூத்தவர். பள்ளிக்கூட நாளில் ஒரு முறை இரண்டாவது ஆட்டம் சினிமாவுக்குப் போனதற்காக விடிய விடியத் திண்ணையில் கிடந்தவர். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, "இனிமேல் போக மாட்டேன், கதை எழுதப்போகிறேன்" என்று சொன்னபோது, அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். பெருந்தன்மை என்று அன்று நினைத்தேன். களைப்பு என்று இன்று தெரிகிறது. தவிர, அதற்குள் குடும்பச் செலவு பெரியண்ணன் தலைக்குப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் சம்பாதிக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலை ஒரு நாளும் எனக்கு வந்ததில்லை. என்னுடைய துணிச்சல் என்று வாசகர்கள் சிலர் பாராட்டுவது இதைத்தான்!

நஷ்டமே இல்லையா என்றால், உண்டு. அண்ணனுக்கு அப்பா 34 வருஷம் கிடைத்தார், எனக்கு 20. அவருக்குக் காவேரியில் நீந்தக் கற்றுக்கொடுத்த அப்பாவை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த அப்பா, மாத்திரையை எடுத்துத் தரச் சொன்ன அப்பா.

பிறந்த வரிசை மனிதனின் குணத்தையே உருவாக்குகிறது என்றார் மனோதத்துவ நிபுணர் ஆல்பிரட் ஆட்லர் (1870–1937). 2015-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் 20,000 பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு ஆராய்ந்து பார்த்தவர்கள், குணத்துக்கும் வரிசைக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை என்று கண்டார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. மூத்தவர் நல்லவர், இளையவன் கெட்டவன் என்பதா பிரச்னை? யார் கணக்கில் யார் செலவு செய்கிறான் என்பதல்லவா?

மேகாலயத்துக் காசி இன மக்களிடையே பரம்பரை வீடு கடைசி மகளுக்குப் போகிறது. உடனே பொறாமைப்பட வேண்டாம். தாய் தகப்பனை முதுமையில் காப்பாற்றுவது அவள் பொறுப்பு. நொடித்துப்போய் வருகிற உடன்பிறந்தாருக்கு அந்த வீட்டில் இடம் கொடுப்பதும் அவள் பொறுப்பு. சலுகையையும் சுமையையும் சேர்த்து முடிந்து கையில் கொடுத்துவிடுகிறார்கள். நம் பக்கத்தில் அந்த முடிச்சு கிடையாது. சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதையில், அரசாளும் லட்சணம் இளையவனுக்குத்தான் இருக்கிறது என்று நிமித்திகன் சொன்னதும், அண்ணன் செங்குட்டுவன் மனம் நோகக் கூடாதென்று இளங்கோ துறவு பூண்டதாக வருகிறது. சரித்திரக்காரர்கள் எல்லாரும் இதை ஒப்புவதில்லை. நடந்ததோ இல்லையோ, அப்படி ஒரு தம்பியைக் கற்பனை செய்யவாவது நம்மவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே!

நான் அந்தத் தம்பி அல்ல. அப்பா காலமான பிறகு வீட்டைப் பங்கு போடும் பேச்சு வந்தது. "கதை எழுதிப் பிழைக்கிறவன் வாடகை கொடுத்து மாளாது" என்று பெரியண்ணன் சொன்னார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மூவரும் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று நான் ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

அம்மா என்னோடுதான் இருந்தாள், விழுந்து இடுப்பெலும்பு முறியும் வரையில். அப்போது நான் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். வாரா வாரம் அத்தியாயம் போக வேண்டும். வீட்டில் அமைதி வேண்டும் என்று நான் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கடைக்குட்டியின் தேவைகள் எப்போதும் அப்படித்தான் புரிந்துவிடும். பெரியண்ணன் திருச்சியிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு வந்து அம்மாவை அழைத்துப் போனார். நான்கு வருஷம், கடைசி நாள் வரைக்கும், அங்கேதான். தொடர்கதை நன்றாக வந்தது என்றார்கள்.

போன தை மாதம் அம்மாவின் திதி. எங்கள் வீட்டில்தான் நடந்தது. முதல் பஸ்ஸில் புறப்பட்டு அண்ணன் வந்தார். தாம் பிறந்த வீடு. ஒரு ராத்திரி முழுக்கத் தாம் விழித்துக் கிடந்த திண்ணை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டு, "உள்ளே வரலாமாடா?" என்று கேட்டார்.

விளையாட்டாகத்தான் கேட்டார்.