வலது இருக்கையில் இருப்பவர்

2021 மே 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அருகில், சென்டெனியல் விமான நிலையத்தில் இறங்க வந்த இரண்டு விமானங்கள் நடுவானில் மோதிக்கொண்டன. பெரியதில் விமானி மட்டுமே இருந்தார். அதன் முதுகு பிளந்து வானம் தெரிந்தது. அப்படியும் அவர் ஓடுதளத்தில் இறக்கிவிட்டார். சிறியது ஒரு சிர்ரஸ் எஸ்ஆர்22. அதிலிருந்த இருவருக்கும் ஓடுதளத்தை எட்டும் வழி இல்லை. கூரையிலிருந்த பிடி இழுக்கப்பட்டது, பாராசூட் விரிந்தது, விமானமே அதில் தொங்கியபடி தரைக்கு வந்தது. இருவரும் காயமில்லாமல் வெளியே நடந்து வந்தார்கள்.

சிர்ரஸ் விமானத்தை வாங்குகிறவருக்கு இந்தப் பாராசூட்டைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. அது ஆலையிலிருந்தே பொருத்தப்பட்டு வருகிறது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான ஆலன் கிளாப்மையர் 1985-இல் நடுவானில் மோதி, இறக்கையில் ஒரு பகுதியை இழந்த விமானத்தோடு உயிர் தப்பியவர். மோதிய மற்ற விமானத்தின் விமானி இறந்துபோனார். கேள்வி உண்மையில் எழுவது பழைய விமானம் வைத்திருப்பவரிடம்தான். செஸ்னா 172 ரகம் 1956 முதல் 44,000-க்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. அதற்கும் இப்படிப்பட்ட பாராசூட்டை வாங்கியபின் பொருத்திக்கொள்ளலாம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. செலவு பல ஆயிரம் டாலர். பொருத்தாமல் பறப்பது தவறா?

தனியாகப் பறக்கிறவருக்கு இதைத் தவறென்று சொல்ல முடியாது. மலை ஏறுகிறவரும் கடலில் தனியாகப் படகு விடுகிறவரும் தங்கள் உயிரைத் தாங்களே எடைபோட்டுக்கொள்கிறார்கள். அந்த உரிமை இவருக்கும் உண்டு. குடும்பத்தை எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். அதற்கு மேல் வற்புறுத்த வழியில்லை.

வலது இருக்கையில் இன்னொருவர் வந்து உட்கார்ந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. விமானி இடப்பக்கம் உட்காருவது வழக்கம். பக்கத்தில் மனைவியோ, நண்பரோ, ஆசையாய்ப் பறக்க வந்த அண்டை வீட்டுப் பையனோ உட்காருகிறார்கள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியே பார்ப்பதைத் தவிர அவர்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை. இறக்கையில் உறைபனி படிகிறதா, இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்பது அவர்களுக்குத் தெரியாது. விமானி மாரடைப்பில் சாய்ந்துவிட்டால், பறக்கத் தெரியாத ஒருவர் ரேடியோவில் கேட்டுக்கேட்டு விமானத்தை இறக்குவது கதைகளில் நடப்பதுபோல் அவ்வளவு எளிதல்ல. இப்படிப்பட்ட பழைய சின்ன விமானத்தில் இருக்கும் பாதுகாப்புக் கருவிகள் பெரும்பாலும் விமானியின் திறமை வழியாகவே வேலை செய்பவை. பாராசூட்டின் பிடியோ, பயணி தன் கையாலேயே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவும் கருவி. அதை வைக்காமல் விடும் முடிவை, அதனால் சாகக்கூடியவரைக் கேட்காமலே எடுக்கிறோம். இந்த இடத்தில்தான் இது அறக் கேள்வியாகிறது.

எதிர்த்துச் சொல்லப்படுபவை லேசானவை அல்ல. முதலாவது எடை. செஸ்னா 172-க்கான பாராசூட் கிட்டத்தட்ட 36 கிலோ. சாமான் வைக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அதே எடைக்குப் பெட்ரோல் என்றால் சுமார் 50 லிட்டர், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பறப்பு. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, எடை தாண்டக் கூடாதென்று அந்தப் பெட்ரோலைக் குறைத்துப் புறப்படுகிறவர் ஓர் ஆபத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்கிறார். பாராசூட் வைத்தவர் ஓர் இருக்கையைக் காலியாக விடப் பழகத்தான் வேண்டும்.

அடுத்தது பணம். அந்தத் தொகைக்கு நல்ல பயிற்சியாளரோடு எத்தனையோ மணி நேரம் பறக்கலாம். இது நியாயமான வாதம், அந்தப் பணம் உண்மையிலேயே பயிற்சிக்குப் போகுமானால். போகாதென்பதை அதைச் சொல்கிறவரின் பறப்புப் பதிவேடே காட்டிவிடும். பயிற்சிக்கும் பாராசூட்டுக்கும் சேர்த்துக் கையில் காசில்லாத நேர்மையான மனிதர் முதலில் பயிற்சியைத்தான் வாங்க வேண்டும். வாங்கியபின், தன் விமானத்தில் எது இல்லை என்பதை ஏறுகிறவரிடம் ஏறுவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

கீழே நிற்பவர்களும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றாலும் மிதந்து ஒரு வயலைத் தேடிப் போக விமானியால் முடியும். பாராசூட் விரிந்த பிறகு காற்று இழுக்கும் பக்கம்தான் போக வேண்டும். கூரையோ சாலையோ, தேர்வு அவர் கையில் இல்லை. அதனால் எந்தக் கோளாறுக்கும் பிடிதான் விடை என்று ஆகிவிடாது. உயரமும் கட்டுப்பாடும் இருந்து, எதிரே ஆளில்லாத வயலும் இருந்தால் அங்கே இறக்குவதுதான் முறை. கட்டுப்பாடே போய்விட்ட விமானம் வேகமாக வந்து விழுவதோடு ஒப்பிட்டால், பாராசூட்டில் வருவது கீழே நிற்பவருக்கும் நல்லதே. அது இறங்கும் வேகம் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இன்னொரு ஆபத்து வெடிக்காத ராக்கெட். பாராசூட்டை வெளியே இழுப்பது அதுதான். பிடி இழுக்கப்படாமல் நொறுங்கிய விமானத்தை அறுக்கப் போகும் மீட்புப் பணியாளர் அதன் மேல் கை வைக்க நேரலாம். விமானத்தின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டு மங்கிப்போகாமல் பார்த்துக்கொள்வதும் உரிமையாளரின் கடமை.

பாராசூட் இருக்கிறதென்ற தைரியத்தில் கெட்ட வானிலைக்குள் போய்விடுவார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. சிலர் போகவும் கூடும். ஆனால் சிர்ரஸின் ஆரம்ப ஆண்டுகள் காட்டியது வேறொன்றை. பாராசூட் இருந்தும் மரணங்கள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. இழுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பலர் இழுக்காமலே இறந்தார்கள். கடைசிவரை ஓட்டிப் பார்ப்பதுதான் விமானிக்கு அழகு என்று பழகிய கை, கூரைப் பக்கம் போகவில்லை. இழுத்தால் விமானம் பெரும்பாலும் மறுபடி பறக்காது என்ற கணக்கும் உள்ளே ஓடியிருக்கும். உரிமையாளர்களும் நிறுவனமும் சேர்ந்து பயிற்சியை மாற்றினார்கள். கட்டுப்பாடு போனால் தயங்காமல் இழு, விமானம் போனால் போகட்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். 2010-களில் மரணங்கள் குறைந்தன. பொருத்துவதோடு கடமை முடிந்துவிட்டதாக நினைக்கிறவருக்கு இந்த வரலாறு போதும். தன் சொத்தையும் தன் திறமை மேல் உள்ள பெருமையையும் சில விநாடிகளில் விட்டுவிட முடியுமா என்று தரையில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளாதவர், 36 கிலோவைச் சும்மா சுமக்கிறார்.

தாழப் பறக்கும்போது பாராசூட்டும் கை கொடுக்காது. எஸ்ஆர்22-இல் நேராகப் பறக்கும்போதே பாராசூட் முழுதாக விரிவதற்குள் சில நூறு அடி போய்விடும். சுழன்று விழும்போது இன்னும் அதிகம். ஓடுதளத்தை விட்டு எழும்பிய அந்தச் சில விநாடிகளுக்கு, பயணி நம்பியிருப்பது பழையபடி விமானியின் கையைத்தான். அந்தக் கை தேறியிருக்க வேண்டும்.

சிர்ரஸில் புறப்படுவதற்கு முன் பிடியிலிருந்து ஒரு பாதுகாப்பு ஊசியை உருவ வேண்டும். உருவ மறந்தால் பிடி வராது. நல்ல விமானி அந்த ஊசியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்படி உருவுவார். மூடியை எப்படிக் கழற்றுவது என்று காட்டுவார். நான் பேசாமல் சாய்ந்துவிட்டால் இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு எடையெல்லாம் சேர்த்துக் கீழே இழுங்கள், பாதியில் விட்டுவிடாதீர்கள் என்பார். பயணி ஒரு முறை கையை உயர்த்தி, எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் இன்ஜின்.