சான்று தேடுவார்க்குரிய நடுவுநிலை

மெய்யறியும் வேட்கையால் நிகழ்வதனை வாதம் என்றும், வெற்றியே குறித்து நிகழ்வதனைச் சற்பம் என்றும், தன்பக்கம் நிறுவாது பிறர்பக்கம் அழித்தலையே கருதுவதனை விதண்டை என்றும் நியாய நூலார் வகுத்தனர். இக்காலத்துக் கல்லூரிகளில் நிகழும் சொற்போர்ப் போட்டி வெற்றி குறித்ததாகலின் சற்பத்தின்பாற்படும். அதன்பொருட்டுச் சான்று திரட்டப் பழகுதல் அறமாகுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

அமெரிக்க நாட்டில் இப்பயிற்சி பெரிதும் வளர்ந்துளது. ஆங்கு மாணவர் பலர் ஒரு பொருளையே நெடிது ஆராய்ந்து, நூற்பகுதிகளை ஆக்கியோன் பெயரொடு தொகுத்து வைத்து, ஒருகால் அதனை நிறுவியும் ஒருகால் மறுத்தும் வாதிப்பர். 1954-ஆம் ஆண்டில், சீனத்துப் பொதுவுடைமை அரசினை அமெரிக்கா ஏற்றல் வேண்டும் என்பது கல்லூரி வாதப்பொருளாயிற்று. அதனை நிறுவி வாதிக்க அந்நாட்டுத் தரைப்படைக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் தம் மாணவரை விடுத்தில. தான் கொள்ளாத கொள்கைக்குச் சான்று தேடுதல் பொய்ம்மையன்றோ எனும் வினா ஆசிரியரிடையே வலுத்தது.

பொய்ம்மையே எனின், அற்றன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில், உலகாயதர் முதலிய பதினான்கு திறத்தார் கொள்கைகளையும் முதற்கண் அவர்தம் கூற்றாகவே நிறுத்திப் பின்னரே மறுத்தார். கொள்ளாததனைச் செவ்வனே எடுத்துரைத்தல் அதற்கு உடன்படுதல் ஆகாது. எதிரியின் வலியறியாது மறுப்போன் தான் கற்பித்த நிழலையே வெட்டுகின்றான்.

அற்றேல் குற்றம் யாண்டுளது? சான்றினைத் திரித்தற்கண் உளது. ஒருவர் மறுத்தற்பொருட்டு எடுத்துக்காட்டிய பிறர் கூற்றினை அவர்தம் துணிபாகக் காட்டுதலும், "சிலவிடத்து" என்று அவர் வரைந்ததனை விடுத்து எவ்விடத்தும் என்பதுபோல மொழிதலும் களவே. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் வாதிகள் பெரிதும் சார்வது உரையளவை. அதற்கோ உரைப்போன் தகுதியே உயிர். ஆதலின், இவர் தாமே கண்டாரோ, பிறர்வாய்க் கேட்டாரோ, இவ்வுரையால் இவர்க்கு ஊதியம் உண்டோ என வினவி, முன்னும் பின்னும் முற்றக் கற்ற பின்னரே ஒரு சான்றினைக் கைக்கொள்ளல் வேண்டும். தன் பக்கத்தை வீழ்த்தவல்ல சான்றினை முதற்கண் தேடுதல் தலையாய பயிற்சியாம்.

திரித்த சான்றினால் அவையோர் ஒருநாள் மயங்குவர். பின்னர்த் தெளிதலுங் கூடும். திரித்துப் பழகிய உள்ளமோ, வேண்டாததனைக் காணாது விடுதலையே இயல்பாகக் கொண்டு, மெய் தன்முன் நின்றபோதும் அதனை அறியமாட்டாதாகும். தோல்வியினும் அஞ்சற்பாலது இதுவே. ஆகலின், சொற்போர் பயிலும் இளைஞர்க்குச் சொல்வன்மையின் முன்னர் நடுவுநிலையைக் கற்பித்தல் ஆசிரியர் கடனாம்.