அஞ்சினோரின் பங்கு

அநீதியை எதிர்க்கும் கூட்டத்தில் அஞ்சுபவனுக்கு இடம் உண்டா? மேடையேறி முழங்கியவரையும் சிறை புகுந்தவரையும் வரலாறு போற்றுகின்றது. வேலையும் வீடும் போய்விடுமே என்று அஞ்சி, மறைவில் நின்று உதவியவரை என்னென்பது? கோழை என்று தள்ளிவிடுதல் எளிது. எனக்கு அது நேர்மையாகப் படவில்லை.

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில் நடந்ததைப் பாருங்கள். அந்நகரப் பேருந்துகளில் கறுப்பின மக்கள் பின்பகுதியில்தான் அமர வேண்டும். வெள்ளையருக்கு இடம் போதாதபோது இருந்த இருக்கையையும் விட்டெழ வேண்டும். 1955 டிசம்பர் 1ஆம் நாள் ரோசா பார்க்ஸ் என்னும் தையற்காரப் பெண்மணி எழ மறுத்துக் கைதானார். 5ஆம் நாள் முதல் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். ஒருநாள் நடப்பது எவருக்கும் கூடும். அவர்கள் 381 நாள்கள் உறுதி காத்தனர். தொலைவில் வேலை செய்வோருக்காக ஏறத்தாழ 300 கார்கள் ஓடின. கார் ஓடப் பெட்ரோல் வேண்டும். பெட்ரோலுக்குப் பணம் வேண்டும்.

அங்கேதான் ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணி வருகிறார். அவர் திரட்டிய பெண்கள் கோழி பொரித்தும் இனிப்புப் பண்டங்கள் செய்தும் விற்றுப் பணம் சேர்த்தனர். அவர்களுட் பலர் வெள்ளையர் வீடுகளில் பணிபுரிந்தவர்கள். பெயர் வெளிவந்தால் பிழைப்புப் போய்விடும். ஆதலின் தம் குழுவுக்கு 'எங்குமில்லாச் சங்கம்' என்றே பெயரிட்டனர். பணம் எங்கிருந்து வந்தது என்று எவரேனும் கேட்டால், 'எங்கிருந்தும் இல்லை' எனக் கூசாமல் சொல்லலாமன்றோ! 1956இல் மார்ட்டின் லூதர் கிங் மீதான வழக்கில் கில்மோர் சாட்சி சொன்னார், வேலையை இழந்தார். பிறகு தம் வீட்டிலேயே சமைத்து விற்றார். தோழியர் பெயரை மட்டும் வெளியிடவில்லை.

அரபு இலக்கணத்தில், செய்தவன் பெயர் சொல்லப்படாத வினையை 'மஜ்ஹூல்' என்பர். பெயரை விடுவதற்குரிய காரணங்களுள், அவனுக்குத் தீங்கு நேருமோ என்ற அச்சத்தையும் இலக்கணிகள் சேர்த்துள்ளனர். மாணவருக்கு இதைச் சொல்லித் தரும்போதெல்லாம் அந்த அடுப்படிகள் என் நினைவுக்கு வரும்.

கொடாதிருக்க ஒளிவதும், கொடுத்துவிட்டு ஒளிவதும் ஒன்றாகா. அஞ்சாதவர் மட்டுமே வருக என்று அழைத்திருந்தால், அந்நகரில் எத்தனை பேர் வந்திருப்பர்? அஞ்சியவாறே செய்யத்தக்க ஒரு வேலையைக் கில்மோர் அவர்களுக்குக் கண்டு கொடுத்தார்.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பினால் அப்பாகுபாடு ஒழிந்து, 1956 டிசம்பர் 21ஆம் நாள் மக்கள் மீண்டும் பேருந்தேறி, முன்வரிசையிலும் அமர்ந்தனர். பண்டம் சுட்ட பெண்களுள் சிலரும் அன்று அப்பேருந்தில் வேலைக்குச் சென்றிருக்கலாம். அருகில் அமர்ந்தவருக்கும் அவர்களை இன்னாரெனத் தெரிந்திராது.