நல்ல நாளை என்ன செய்வது?

நாள்பட்ட வலியோடு இருப்பவர்களிடம் எல்லோரும் மோசமான நாட்களைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். உண்மையில் மோசமான நாளில் யோசிக்க ஒன்றுமில்லை. கண் விழிக்கும்போதே உடம்பு அடித்துப்போட்டதுபோல் கிடக்கும். எழுந்திருக்கலாமா, சமைக்கலாமா, வெளியே போகலாமா என்பதையெல்லாம் வலியே முடிவு செய்துவிடும். முடிவெடுக்கும் பொறுப்பு நம் தலையில் விழுவது நல்ல நாளில்தான்.

எனக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பெங்கும் குடைச்சல், தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, பேசிக்கொண்டிருக்கும்போதே நழுவிப்போகும் ஞாபகம். இஎஸ்ஆர், தைராய்டு, எக்ஸ்ரே என்று எல்லாம் நார்மல் என வந்த பிறகுதான் பலருக்கு இந்தப் பெயரே காதில் விழுகிறது. 1904-இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கவர்ஸ் இதைத் தசைகளைச் சார்ந்த அழற்சி என்று எண்ணி ‘ஃபைப்ரோசைட்டிஸ்’ என்றார். பிறகு தேடியவர்களுக்கு அழற்சி அகப்படவில்லை. 1970-களில் பெயர் மாறியது. 1990-இல் வந்த அமெரிக்க வரையறைப்படி, மூன்று மாதத்துக்கு மேல் உடம்பு முழுக்க வலி இருந்து, குறிப்பிட்ட 18 இடங்களை அழுத்தும்போது 11-லாவது வலிக்க வேண்டும். 2010-இல் அழுத்திப் பார்ப்பதை விட்டுவிட்டு, எங்கெங்கே வலிக்கிறது, தூக்கம் எப்படி, அசதி எவ்வளவு என்று நோயாளியிடமே கேட்டுக் கணிக்கும் முறை வந்தது.

கோளாறு தசையில் இல்லை, வலியைக் கையாளும் நரம்பு மண்டலத்தில் இருக்கிறது என்பதே இன்றைய புரிதல். 2002-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கிரேஸ்லியும் அவர் குழுவினரும் கட்டைவிரல் நகத்தை அழுத்தியபடி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மற்றவர்கள் லேசாக உணர்ந்த அதே அழுத்தத்துக்கு இந்த நோயாளிகளின் மூளையில் வலிக்குரிய பல பகுதிகள் விழித்துக்கொண்டன. ஆய்வுக்கூடத்தில் அப்படித் தெரிந்த வலி, நாம் எடுத்துப்போகும் சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியாது.

அதனால்தான் நல்ல நாள் சிக்கலாகிறது. ரிப்போர்ட்டில் சாட்சி இல்லாத நோய்க்கு நம் நடமாட்டமே சாட்சி. ஒரு கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்ச் சிரித்துப் பேசினால் போதும். மறுநாள் படுத்திருக்கும்போது, “நேத்து நல்லாத்தானே இருந்தீங்க?” என்று கேள்வி வரும். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. காய்ச்சல், எலும்பு முறிவு போல, வந்தால் இருந்து பிறகு தீர்ந்துபோகும் நோயைத்தான் அவர்கள் அறிவார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்து, நன்றாக இருக்கும் நாளிலும் கொஞ்சம் முகத்தைச் சுருக்கிக்கொள்ளத் தோன்றுகிறது. இல்லாத வலியைக் காட்டினால்தான் இருக்கும் வலியை நம்புவார்கள் என்ற நிலைமை, நோயைவிட மனதை அதிகம் அரிக்கும். வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் எழுதிச் சேர்த்தது. இவ்வளவு எளிய விஷயத்தை எழுதியே வைக்க வேண்டியிருந்தது.

நல்ல நாளின் இரண்டாவது சிக்கல் பாக்கி வேலைகள். துவைக்காத துணி, மடிக்காத துணி, பேங்க் வேலை, பார்க்காமல் விட்ட உறவு. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த நோயில் அந்தப் புத்திமதி அப்படியே தலைகீழ். காற்று அடிக்கிறதே என்று முழுக்கத் தூற்றினால், அடுத்து வரும் நாட்கள் படுக்கையில்தான். இன்னும் முடியும் என்று தோன்றும்போதே நிறுத்தச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். நடையும் அப்படித்தான். இந்த நோய்க்கு மருந்துகளைவிட உறுதியாக ஐரோப்பிய மருத்துவர்கள் பரிந்துரைப்பது உடற்பயிற்சியை. அதையும் சிறிதாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று ஒரேயடியாக நீட்டக் கூடாது. முடியாமல் நிறுத்துவது எல்லோருக்கும் தெரியும். முடியும்போது நிறுத்துவதைத்தான் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

ஆனால் இதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. எப்போதும் அளந்துகொண்டே இருந்தால், வாழ்வது போய்க் கணக்குப் பார்ப்பது மட்டுமே மிஞ்சும். நாளைக்கு வலிக்குமோ என்று இன்றைய சுகத்தைக் கைபடாமல் எடுத்து வைப்பதும் ஒருவகையில் அதை வலிக்கே கொடுப்பதுதான். அதனால் நல்ல நாளில் முதலில் பாக்கி வேலையைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிடித்த ஒன்று முதலில்: ஒரு புத்தகம், தோழியோடு அரட்டை, கடைத்தெருவில் காரணமில்லாத ஒரு சுற்று. பிறகு வீட்டு வேலையில் ஒன்றோ இரண்டோ. மிச்சம் இருக்கும் தெம்பைத் தொடாமல் விட்டுவிடுகிறேன். அதற்குள் துணி மலையாகிவிடுகிறது என்பது உண்மை. துணிக்காக நான் நலமடையவில்லை என்பதும் உண்மை.

“இன்னைக்கு நல்லா இருக்கீங்களே” என்று யாராவது சொன்னால், “ஆமா, நல்லா இருக்கேன்” என்கிறேன். முன்பெல்லாம் உடனே “ஆனா...” என்று தொடங்குவேன். நாளைய வலிக்கு இன்றே அத்தாட்சி தயாரிக்கும் வேலை அது. என் வலி நிஜம். என் நல்ல நாளும் அதே அளவு நிஜம். ஒன்றை நிரூபிக்க இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.