இயந்திரப் பாவையும் உயிர்ப் பரிவும்

நோயுற்றார்க்கு மருந்தோடு ஒப்ப வேண்டப்படுவது பிறர் பரிவு. அப்பரிவை அறிவில் பொருளொன்றினிடத்துப் பெறுதல் கூடுமோ என்னும் வினா இந்நாளில் மெய்யாகவே எழுந்துள்ளது. அதனைச் சித்தாந்த நெறி நின்று ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பக்கவாதத்தாற் கை சோர்ந்தார், அதனை மீள இயக்குதற்கு ஒரு செயலையே நாடோறும் பன்முறை செய்து பழகல் வேண்டும். அருகிருந்து எண்ணுதற்கும் ஊக்குதற்கும் பயிற்சியாளர் எப்பொழுதும் வாய்ப்பதில்லை. இக்குறையை நிரப்பவே, ரோபோ என உலகர் வழங்கும் இயந்திரங்களைத் துணையாக அமைக்கலாயினர். அமெரிக்காவிலே தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மாயா மாட்டரிச் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும், நோயாளரைத் தொடாது ஊக்கமாத்திரம் அளிக்கும் இயந்திரத்தைப் பற்றிய தம் ஆராய்ச்சியை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2014ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த பெப்பர் என்பது தலையும் கண்ணும் கையும் உடையதாய், ஏறக்குறைய 120 செண்டிமீட்டர் உயரமுடைய பாவை. இஸ்ரேல் நாட்டுப் பென்-குரியன் பல்கலைக்கழகத்தார் அதனைப் பக்கவாத நோயாளர் முன் நிறுத்திக் கைப்பயிற்சி நடத்துவித்து ஆராய்ந்தனர்.

இவற்றின்பால் நோயாளர் கொள்ளும் மனநிலை ஒருபடித்தன்று. பலரோடு கலந்து பழகும் இயல்பினர் அறைகூவி முடுக்கும் சொல்லையும், ஒடுங்கிய இயல்பினர் ஆறுதற் சொல்லையும் விரும்பினர் என மாட்டரிச் குழுவினர் கண்டனர். பாவை மனித வடிவை நெருங்குந்தோறும் விருப்பம் வளர்ந்து, மிக நெருங்கியும் முற்றும் ஒவ்வாதவிடத்து அருவருப்பாக மாறும் என மசாஹிரோ மோரி என்னும் ஜப்பானிய அறிஞர் 1970ஆம் ஆண்டிலேயே எழுதினார். தம் தளர்ச்சியைப் பிறர் காண நாணுவார், காணும் அறிவில்லாத பொருளின்முன் நாணாது பயிலுதலும் இயல்பே.

இனி, இதன் உண்மை யாது? பாவை சடம். அஃது எண்ணும், எண்ணுவதை அறியாது. "நன்று" எனச் சொல்லும், நன்மையை நுகராது. சடமாதல் பற்றியே அது தள்ளத்தக்கதோ எனின், அன்று. உயிர் தங்கியிருக்கும் இவ்வுடம்பும் மாயையின் காரியமே. இருளிற் கிடந்த உயிர்க்கு மாயையின் காரியங்களை விளக்குப்போல் இறைவன் உதவுகின்றான் என்பது நம் கொள்கை. சோர்ந்த கைக்கு உதவும் கருவியும் அவ்வுதவியின்பாற் பட்டதே. ஆதலின் அதனைக் கொள்ளுதல் குற்றமன்று.

அற்றேல், கல்லினும் செம்பினும் இயன்ற திருமேனியைக் கண்டு உருகும் நீர், பாவையைக் கண்டு உருகும் நோயாளரைப் பிழை கூறல் யாங்ஙனம் எனின், கூறுதும். அன்பர் கல்லைக் கல்லென்று வணங்குவாரல்லர். பாலின்கண் நெய்போல ஆண்டு மறைந்து நிற்கும் பேரறிவை வணங்குகின்றனர். திருமேனி அவர் கருத்தைத் தன்னளவில் நிறுத்தாது அப்பாற் செலுத்துகின்றது. பாவையோ தன்னையே அன்புடையதாகக் காட்டுமாயின், கருத்தைத் தன்னளவிலே தடுத்து நிறுத்தும். இதுவே வேற்றுமை. ஆகவே நோயாளர் பாவைக்கு நன்றி சொல்லுதல் பிழையன்று. அந்நன்றி, அதனை ஆக்கினாரையும் அமைத்தாரையும், அவ்வறிவை அவர்க்கு உணர்த்திய திருவருளையும் சென்று சேர்தல் வேண்டும்.

"நின் வருத்தத்தை யான் அறிவேன்" என்று பாவையைச் சொல்லுவித்தல் பொய். அப்பொய்யின் வினை பாவையைச் சாராது, சொல்லுவித்தாரையே சாரும். அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. பாவை உண்டென்று சுற்றத்தார் நோயாளரை அதனிடமே விட்டு அகல்வராயின், அவ்வுயிர் அறிவில் பொருளையே சார்ந்து, தன் துன்பத்தை அறிவார் ஒருவருமின்றித் தனிமையுறும். எண்ணும் தொழிலைப் பாவை ஏற்றுக்கொள்க; அதனால் மிஞ்சிய பொழுதில் மக்களும் சுற்றமும் நோயாளரின் அருகே வந்திருப்பாராக. உயிர்க்கு இரங்க வல்லது அறிவுடைப் பொருளே. அவ்விரக்கத்தின் ஊற்றுச் சிவம்.