மகிழ்ச்சியும் தோலும்

மகிழ்ச்சி என்ற சொல்லைச் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் சந்தேகத்தோடுதான் பார்த்து வந்திருக்கிறோம். துயரம் ஆழமானது, சந்தோஷம் மேலோட்டமானது என்பது யாரும் நிரூபிக்காமலே நம்மிடையே நிலைபெற்றுவிட்ட கோட்பாடு. 2018இல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னைக் குழு தன் முதல் ஆல்பத்துக்கு 'மகிழ்ச்சி' என்று பெயர் வைத்தபோது நண்பர்கள் சிலர் கேட்காமலே ஒதுக்கிவிட்டார்கள். ரஜினிகாந்த் 'கபாலி'யில் (2016) சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை. அந்தப் படத்தை எடுத்த பா. ரஞ்சித்தான் இந்தக் குழு உருவாகவும் காரணம், சினிமா வாசனை. அவர்களுக்கு இவ்வளவு போதுமாயிருந்தது. நான் தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு இதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்கக் கேட்க விஷயம் இசையைப் பற்றியதாக மட்டும் இல்லாமல் போய்விட்டது. யார்மீது துன்பம் சுமத்தப்பட்டதோ அவர்கள் குதூகலமாக ஒரு சத்தம் எழுப்புகிறார்கள். சுமத்திய பக்கத்தில் பிறந்தவன் அதை ரஸிக்கலாமா? ரஸித்தால் அது என்ன வகையான செயல்?

குழுவைப் பற்றிச் சுருக்கமாக. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. மேடையில் 19 பேர். பெயர், அயோத்திதாச பண்டிதர் தம் மக்களுக்குச் சூட்டிய 'சாதிபேதமற்ற திராவிடர்' என்ற அடையாளத்திலிருந்து வருகிறது. வடசென்னையில் சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடப்படும் கானா, அதோடு ராப், ராக். பறை, சட்டி, டோலக், அவற்றின் பக்கத்திலேயே எலெக்ட்ரிக் கிட்டார். கானாவில் பெண்குரல் அபூர்வம், இசைவாணி பாடுகிறார். ஆண்கள் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அம்பேத்கரின் கோட்டைத் தெரிந்தவர்களுக்கு அது வெறும் மேடை உடுப்பு அல்ல. ஆனால் அதில் ஒரு கோணங்கித்தனமும் இருக்கிறது. (எழுத்தாளர் பெயர் அல்ல, பழைய சொல்லைத்தான் சொல்கிறேன்.)

இந்தக் கோணங்கித்தனத்தைப் பற்றி நாம் போதுமான அளவு யோசித்ததில்லை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற டயர் தொழிற்சாலை நகரத்தில் தோன்றிய டீவோ என்ற குழுவின் முதல் ஆல்பம் 1978இல் வந்தது. பிரையன் ஈனோ தயாரித்தது. மஞ்சள் நிறப் பாதுகாப்பு உடுப்பு, பொம்மைகளைப் போன்ற அசைவு, மனிதன் பரிணாமத்தில் பின்னோக்கிப் போகிறான் என்ற அரைகுறைச் சித்தாந்தம். ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாடிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டை எடுத்துக்கொண்டு, உடம்பு இயல்பாக ஆடமுடியாதபடி அதன் தாளத்தை முறித்துப் போட்டிருந்தார்கள். விளையாட்டுத்தனம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஜெரால்ட் கசாலே, 1970 மே 4ஆம் தேதி கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை சுட்டு நான்கு மாணவர்கள் செத்தபோது அங்கே இருந்தவர். அதன் பிறகு அவரால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எதிர்ப்புப் பாட்டு எழுத முடியவில்லை. இறுக்கமான முகம் எதிர்த்தரப்பின் முகமாகவும் இருந்தது என்பது காரணமாயிருக்கலாம்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதில் வந்த வினை. குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களைப் பின்னால் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. நம் இலக்கியம் இதைத் தொட்டது, தொடவில்லை என்று சொல்ல மாட்டேன். ஞானக்கூத்தன் கவிதை எழுதினார். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. ஆனால் அந்த நாவல் தீ வைத்தவனின் ஆண்மைக் குறைவில் காரணம் தேடப் போய்விட்டது. கூலி நெல் பின்னுக்குப் போய்விட்டது. எப்படியானாலும் எரிந்தவர்கள் நமக்கு ஒரு கனத்த மௌனத்தைக் கொடுத்தார்கள், நாம் அதை நம் தீவிரத்துக்கு உபயோகித்துக்கொண்டோம். அவர்கள் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், கேலி செய்வார்கள், அது கலையாக இருக்கும் என்கிற சாத்தியம் நம் பிரக்ஞையில் இருந்ததாகத் தெரியவில்லை.

டெல்டாவில் தப்பு என்றுதான் சொல்வார்கள். என் சிறுவயதில் எங்கள் தெருவில் சாவு விழுந்தால் முதலில் கேட்பது அதுதான். அடியை வைத்தே பாடை கிளம்பிவிட்டதா இல்லையா என்று உள்ளே இருக்கிற கிழவிகள் சொல்லிவிடுவார்கள். அடித்தவர்களுக்குக் கொஞ்சம் நெல், வாசலுக்கு வெளியே. அந்தத் தாளத்தின் நுட்பம் என் காதில் இன்றும் இருக்கிறது. அதை எனக்குக் கொண்டுவந்து சேர்த்தது கட்டாயம். பிற்பாடு பல ஊர்களில் இனிமேல் அடிக்க மாட்டோம் என்று தப்பை வைத்துவிட்டார்கள். ஒரு கலை அழிகிறதே என்று வருத்தப்பட்ட ரஸிகர்களை எனக்குத் தெரியும். இந்த வருத்தம் எனக்கு ஒப்புதலில்லை. மற்றவனுடைய கட்டாய வேலையில் பிழைத்து வந்த கலையைக் காப்பாற்றச் சொல்லும் தகுதி, அதை வாசலுக்கு உள்ளேயிருந்து கேட்டவனுக்குக் கிடையாது. தஞ்சாவூர்த் தென்னகப் பண்பாட்டு மையம் 1986இல் வந்த பிறகு தப்பாட்டம் நாட்டுப்புறக் கலையாக மேடையேறியது. ரெட்டிப்பாளையத்துக் கலைஞர்கள் வெளியூர்களுக்கெல்லாம் போய் வந்தார்கள். நல்லதுதான். ஆனாலும் அங்கே அது யாரையும் எதுவும் கேட்பதில்லை. கை தட்டிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

'மகிழ்ச்சி'யில் பறை கேட்கிறது. எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். தொகுப்பு முழுவதும் ஒரே தரத்தில் இல்லை. சில இடங்களில் கோஷம் பாட்டை விழுங்கிவிடுகிறது. கிட்டார், ராக் இசையின் பழக்கதோஷத்தில் வீரம் காட்டக் கிளம்பிவிடுகிறது. ஆனால் எனக்கு விசித்திரமாகப் பட்டது வேறு. பாட்டு நேரடியாகக் கோபப்படும் இடங்களில் நான் சௌகரியமாக இருந்தேன். அந்தக் கோபம் நியாயமானது, நான் அதை ஆமோதிக்கிறேன், ஆமோதிப்பதன் மூலமே குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கி ஜூரிகளோடு போய் உட்கார்ந்துவிடுகிறேன். இடஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி அவர்கள் கிண்டலாகப் பாடும்போது அது நடப்பதில்லை. தாளம் துள்ளுகிறது, என் கால் ஆடுகிறது, சிரிப்பு வருகிறது. யாரைப் பற்றிய சிரிப்பு என்று அடுத்த வரிக்குள் தெரிந்துவிடுகிறது. கோபம் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது. கிண்டல் போடவில்லை.

மாட்டுக்கறிப் பாட்டைக் கேட்டுவிட்டு மிருதங்கத்தைப் பற்றி நினைக்காமல் தஞ்சாவூர்க்காரனால் இருக்க முடியாது. பாலக்காடு மணி அய்யருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து இந்த ஊர்க்காரர். தலைமுறை தலைமுறையாகத் தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, நாதம் வரும்வரை வித்வானுடைய காதோடு போராடிய தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் இங்கே இருந்தன. பசுவின் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல் மூன்றும் வேண்டும். டி.எம். கிருஷ்ணா இதையெல்லாம் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020இல் புத்தகமாக எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. திருவையாற்றில் காவிரிக் கரையில் தை மாதம் பஞ்சரத்னம் பாடும்போது நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஆனந்தம் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தத் தோலுக்குள் இருந்த மாடு எங்கே போயிற்று என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதன் கறியை யார் தின்றார்கள் என்று மட்டும் வேறு இடங்களில் கேட்கிறார்கள், கம்போடு.

ரஸனை பரிசுத்தமானது, அறக்கேள்வி அதற்கு வெளியே இருக்கிறது என்று நம்மில் பலர் வாதாடியிருக்கிறோம். அந்த வாதம் திருவையாற்றில் செல்லுபடியாவதற்குக் காரணம் அங்கே கேள்வி கேட்கக்கூடியவர்கள் பந்தலுக்குள் இல்லை என்பதே. 'மகிழ்ச்சி'யில் அவர்கள் பாடகர்களாகவே நிற்கிறார்கள். ரஸனையும் கேள்வியும் ஒரே அடியில் வந்து விழுகின்றன. ரஸிக்கலாமா என்று அநுமதி கேட்டுக்கொண்டு நிற்பது இங்கே அர்த்தமற்றது. கால் ஏற்கெனவே ஆடிவிட்டது. ஆடிய காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் மிச்சம்.

இதையெல்லாம் கும்பகோணத்தில் ஒரு நண்பரிடம் சொன்னேன். கீழத்தெருவிலிருந்து படித்து வந்தவர், கவிதை எழுதுகிறவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க ரஸிக்கலாமா கூடாதாங்கறத இவ்வளவு தூரம் யோசிக்கிறீங்களே சார், அவங்க உங்களுக்காகப் பாடலியே" என்றார். எங்கள் தெருப் பையன்கள் கல்யாணத்தில் இதைப் போட்டு ஆடினார்கள், யாரும் எதுவும் யோசிக்கவில்லை என்றும் சொன்னார். அவர் சொன்னது சரியாயிருக்கலாம். பாட்டு பொதுவில் வந்துவிட்ட பிறகு அது என் காதிலும் விழுகிறது, விழுந்தது விழுந்ததுதான் என்று நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது, அவர் ஏறிக்கொண்டார்.