கூட இருப்பவர்களின் உடம்பு

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அதை உருவாக்கியவர் முத்துலட்சுமி ரெட்டி. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் 93 வயதில் மறையும்வரை அதற்காகவே வாழ்ந்தார். குடியிருந்ததும் அந்த வளாகத்தில்தான். அவரைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும். ஆனால் நோயாளியின் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுக்கிற மனைவியிடமும் மருமகளிடமும் அதே தியாகத்தைக் கடமையென்று எதிர்பார்ப்பது அநியாயம். சாந்தா அந்த வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுத்தார். தோள் கொடுக்க டாக்டர் கிருஷ்ணமூர்த்தி போன்ற சக மருத்துவர்கள் இருந்தார்கள். கூட இருக்கிற பெண்ணிடம் சம்மதம் கேட்டவர் யார்? நோயாளி இட்லி சாப்பிட்டாரா என்று போனில் விசாரிப்பவர்கள், அவள் தன் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டாளா என்று விசாரிப்பதில்லை.

கொடுப்பவரின் உடம்பையும் பார்ப்பதில் ரத்த வங்கிக்கு இருக்கிற நியாயம் நம் குடும்பங்களுக்கு இல்லை. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டை மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். மூழ்கினால் சரி. மிதந்தால், ‘உங்களுக்கே ரத்தம் போதவில்லை, போய்ச் சாப்பிட்டுத் தேறி வாருங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள். ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒருமுறை கொடுத்த ஆண் 3 மாதமும் பெண் 4 மாதமும் பொறுத்துத்தான் மறுபடி கொடுக்கலாம். உள்ளே படுத்திருப்பது கூடப்பிறந்த தம்பி என்றாலும் இதுதான் விதி. திரும்பிப் போகிறவரை யாரும் சுயநலக்காரர் என்று ஏசுவதில்லை.

‘என் உடம்பையும் பார்க்கணுமே’ என்று சொல்லியே நழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருநாள் ஆப்பிள் பையோடு எட்டிப் பார்த்துவிட்டு, அரைமணி நேரத்தில் கிளம்பிவிடும் அண்ணன்மார் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்களுக்கும் அலுத்துப்போன அந்தப் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ரத்த வங்கியின் விதியிலேயே இருக்கிறது: ஓய்வுக்கு அங்கே ஒரு கெடு உண்டு, கெடு முடிந்ததும் திரும்பி வரலாம். தேறித் திரும்புவதற்காக எடுக்கும் ஓய்வில் குற்றம் சொல்ல எதுவுமில்லை.

அவள் வீட்டுக்குப் போய் இரண்டு ராத்திரி தூங்க வேண்டுமானால், அந்த இரண்டு ராத்திரியும் பாயில் வேறு ஒருவர் படுக்க வேண்டும். ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா’ என்கிற புத்திமதி அவளுக்கு ஏற்கெனவே நிறையக் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி யார் தங்குவது என்பதை அந்த அண்ணன்மார்தான் சொல்ல வேண்டும்.